கோரலிலிருந்து ஆட்டோகேடுக்கு எந்த ஃபைலில் போவது?

கோவையில் சின்னப் பட்டறை எங்களுடையது. ஒரு லேசர், ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி குடைந்து வெட்டுகிற மெஷின்), ஓரத்தில் பழைய வினைல் கட்டர் ஒன்று. வாரத்துக்கு நாலு பேராவது போனில் இதைக் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, டிசைன் கோரல்ல இருக்குங்க, எந்த ஃபார்மேட்ல அனுப்பட்டும்?" ரொம்ப நாள் "டிஎக்ஸ்எஃப்ல போட்டுவிடுங்க தம்பி" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியை நம்பி வந்த ஃபைல்களைச் சரிசெய்ய எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன் என்பது வீட்டில் கேட்டால் தெரியும்.

இப்போது பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று திருப்பிக் கேட்கிறேன். அந்தப் பக்கம் பத்திரமாகப் போய்ச் சேரவேண்டியது எது, அளவா, தோற்றமா, இல்லை பிறகு திருத்துகிற வசதியா? மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிற ஃபார்மேட் கிடையாது. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் எல்லாம் வரைகலை மென்பொருள்கள், பார்க்க எப்படி இருக்கும் என்று கவலைப்படுகிற ஜாதி. ஆட்டோகேட், ஃபியூஷன், ஃப்ரீகேட் எல்லாம் கேட், அதாவது பொறியியல் வரைபட மென்பொருள்கள், அளந்தால் எவ்வளவு வரும் என்று கவலைப்படுகிற ஜாதி. நிறம், நிழல், கிரேடியண்ட் எல்லாம் முதல் ஜாதிக்கு உயிர், இரண்டாவது ஜாதிக்கு வீண் சுமை. ஒருவர் எதைத் தூக்கி எறிகிறாரோ அதைத்தான் மற்றவர் பிடித்துத் தொங்குகிறார், அதனால் நடுவில் ஏதாவது ஒன்று தொலைந்தே தீரும். எது தொலைந்தால் பரவாயில்லை என்பதை நாம் முடிவு செய்யாவிட்டால் ஃபைல் முடிவு செய்துவிடும்.

டிஎக்ஸ்எஃப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம், எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். 1982-இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்தது, மற்ற மென்பொருள்களோடு படம் பரிமாறிக்கொள்ளவென்றே ஆட்டோடெஸ்க் செய்தது. பெரும்பாலும் வெறும் எழுத்து ஃபைல்தான், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். கேட் உலகிலும் வெட்டும் மெஷின்களின் மென்பொருள்களிலும் இதைத் திறக்காதது அநேகமாக இல்லை என்பதுதான் இதன் பலம். பலவீனம் அளவு அலகில் இருக்கிறது. ஆட்டோகேடைப் பொறுத்தவரை ஒரு யூனிட் என்றால் ஒரு யூனிட், அவ்வளவுதான், அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது வரைந்தவர் மனதில் இருக்கும். 2000 பதிப்பில்தான் இன்ஸ்யூனிட்ஸ் (INSUNITS) என்று ஒரு குறிப்பை ஃபைலின் தலைப்பகுதியில் எழுதும் வழக்கம் வந்தது. நோட்பேடில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு வரி கீழே 4 இருந்தால் மில்லிமீட்டர், 1 இருந்தால் அங்குலம், 0 இருந்தால் அனுப்பியவர் எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம், போன் பண்ணிக் கேட்கவேண்டியதுதான். சொல்லியிருந்தாலும் அதை மதிக்காத மென்பொருள்கள் உண்டு, அது வேறு கதை.

டிஎக்ஸ்எஃப் என்று முடிவு செய்தால் மட்டும் போதாது, எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம், இங்கேதான் புதியவர்கள் முழிக்கிறார்கள். 1992-இல் வந்த ஆர்12 இன்றும் எக்ஸ்போர்ட் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது, காரணம் அதன் எளிமை. அதில் ஸ்ப்ளைன் (நெளிந்து ஓடும் வழுவழு வளைவு) கிடையாது, நீள்வட்டம்கூடக் கிடையாது, கோடு, வில், வட்டம், பாலிலைன் (தொடர்கோடு), தீர்ந்தது. அதனால் கோரலில் இருந்த வளைவெல்லாம் பொடிப்பொடியான நேர்கோடுகளாக உடைந்து போகும். எவ்வளவு பழைய மெஷினாக இருந்தாலும் அதைப் படித்துவிடும். 2000-இலோ அதற்குப் பிந்தைய பதிப்பிலோ போட்டால் வளைவு ஸ்ப்ளைனாகவே போகும், வழுவழுப்பாக இருக்கும், ஆனால் பழைய சிஎன்சி மென்பொருள் சில ஸ்ப்ளைனைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும், லோகோவில் பாதி காணாமல் போயிருக்கும்.

உடைப்பது என்றால் எவ்வளவு பொடியாக உடைப்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. 100 மிமீ ஆரமுள்ள வட்டத்தை 36 துண்டாக உடைத்தால் நடுவில் 0.38 மிமீ விலகல் வரும், அக்ரிலிக் ஓரத்தில் விரலை ஓட்டினாலே பட்டை பட்டையாகத் தட்டுப்படும். 100 துண்டாக்கினால் விலகல் 0.05 மிமீ, யாருக்கும் தெரியாது. "சரி, அப்போது ஆயிரம் துண்டாக்கிவிடலாமே" என்று ஒரு தம்பி கேட்டான். ஆக்கலாம், ஆனால் மெஷினை ஓட்டும் கண்ட்ரோலர் பழையது என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தயங்கித் தயங்கிப் போகும், லேசர் தயங்குகிற இடத்தில் ஓரம் கருகும்.

அடுத்து எஸ்விஜி. 2001-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட திறந்த தரம், இணையத்துக்காகச் செய்தது, ஆனால் லேசர் வேலை செய்பவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வளைவு வளைவாகவே இருக்கும், நிறம் இருக்கும், சிவப்புக்கோடு என்றால் வெட்டு, நீலக்கோடு என்றால் மேலாகக் கீறினால் போதும் என்று நிறத்தை வைத்தே லைட்பர்ன் போன்ற லேசர் மென்பொருளில் வேலையைப் பிரித்துவிடலாம். ஃபியூஷனும் ஃப்ரீகேடும் நேராக எடுத்துக்கொள்ளும். ஆட்டோகேட் எடுத்துக்கொள்ளாது, அதற்கென்று தனியாக ஒரு மாற்று வழி தேடவேண்டும், இதைத் தெரியாமலேயே "எஸ்விஜி அனுப்பிட்டேன் சார்" என்று ஆட்டோகேட் ஆளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய.

என் கையைச் சுட்டுக்கொண்டதும் எஸ்விஜியில்தான். 600 மிமீ அகல போர்டு. இல்லஸ்ட்ரேட்டரில் நானே செய்து, நானே எஸ்விஜியாக எடுத்து, நானே வெட்டினேன், பழி சொல்ல வேறு ஆளே இல்லை. வெட்டி முடித்து ஃபிரேமில் வைத்தால் 450 மிமீ. என்ன நடந்தது என்றால், இல்லஸ்ட்ரேட்டர் ஒரு பிக்சலை அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்று எழுதுகிறது, படித்த மென்பொருள் 96-இல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டது, 72-ஐ 96-ஆல் வகுத்தால் முக்கால், 600-இல் முக்கால் 450. ஃபைலில் அகலத்தை மிமீ என்று எழுதாமல் வெறும் எண்ணாக விட்டால் இப்படித்தான் ஆகும். இங்க்ஸ்கேப் கதை இன்னும் விஷமமானது. 0.92 பதிப்புக்கு முன்னால் அது 90 என்ற கணக்கில் இருந்தது, 2017-இல் 96-க்கு மாறியது. பழைய ஃபைலை அப்படியே தூக்கி வேறு ஒன்றில் போட்டால் 600 மிமீ 562.5 ஆகிவிடும்.

அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பினால் 25.4 மடங்கு வித்தியாசம், போர்டு தீப்பெட்டி அளவில் திரையில் தெரியும், சிரித்துவிட்டுச் சரி செய்துவிடுவோம். அந்தத் தப்பால் எனக்கு ஒரு ஷீட்கூட வீணானதில்லை. ஷீட்டைத் தின்பதெல்லாம் இந்த முக்கால் கணக்கும் 562.5 கணக்கும்தான், பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், அளந்தால்தான் வயிறு கலங்கும்.

பிடிஎஃப் பற்றிப் பலருக்கு ஒரு இளக்காரம், அது படிக்கிற ஃபைல்தானே என்று. எனக்கு இல்லை. உள்ளே வெக்டர், அதாவது புள்ளிப்படமாக இல்லாமல் கோடாகவே வரைந்தது, இருந்தால் பிடிஎஃப் நல்ல ஃபைல், காரணம் அதில் அலகுக் குழப்பம் குறைவு, ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்று தரமே சொல்லிவிட்டது. 2008-லிருந்து ஐஎஸ்ஓ தரமும்கூட. ஆட்டோகேட் 2017 பதிப்பிலிருந்து பிடிஎஃப்இம்போர்ட் என்ற கட்டளையில் உள்ளே இருக்கும் கோடுகளை நேராக எடுத்துக்கொள்கிறது. லேசர் மென்பொருள்களும் எடுத்துக்கொள்ளும். முதலில் பிடிஎஃப்பைத் திறந்து முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள், ஓரம் படிக்கட்டாகத் தெரிந்தால் அது வாட்ஸ்அப்பில் வந்த ஜேபிஜியை யாரோ பிடிஎஃப் உறைக்குள் போட்டு அனுப்பியது. இந்த உறை வேலையைச் செய்துவிட்டு "வெக்டர் தாங்க" என்று சத்தியம் செய்பவர்களிடம் வாதாடாதீர்கள், படத்தின் மேல் கோடு வரைந்து ட்ரேஸ் செய்யத் தனிக் கூலி என்று சொல்லுங்கள், ஒரிஜினல் ஃபைல் அரைமணியில் கிடைத்துவிடும்.

பிடிஎஃப்புக்கும் எஸ்விஜி போலவே ஒரு குறை, ஆனால் வேறு மாதிரி குறை. பிடிஎஃப்புக்கு வட்டம் தெரியாது. வரைகலை மென்பொருள்கள் வளைவு வரையப் பயன்படுத்தும் பெஸியர் வளைவு நாலைச் சேர்த்து வட்டம் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கும். எஸ்விஜிக்கு வட்டம் என்ற ஒரு சொல் உண்டுதான், ஆனால் கர்வ்ஸாக (வெறும் வளைகோடுகளாக) மாற்றியபின் அதுவும் பெஸியர்தான். விலகல் ரொம்பக் குறைவு, 100 மிமீ ஆரத்துக்கு 0.027 மிமீ, தலைமுடியில் பாதிகூட இருக்காது. போர்டுக்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் அதே ஃபைலில் நாலு போல்ட் துளை இருந்து, அதை ஆட்டோகேடில் எடுத்து மையத்தைப் பிடித்து அளவு போடவேண்டும் என்றால் மையம் கிடைக்காது, விட்டம் கேட்டால் சொல்லாது, டிரில் சைக்கிள் (துளையிடும் கட்டளை) போட, மெஷினுக்குப் பாதை எழுதும் கேம் மென்பொருள் அதைத் துளை என்றே அடையாளம் காணாது. தோற்றத்தில் வட்டம், கணக்கில் வட்டம் இல்லை. இந்த மாதிரி பாகங்களுக்கு நான் ஒரு வழிதான் வைத்திருக்கிறேன், துளைகளை டிசைனர் அனுப்பவே வேண்டாம், எங்கே எத்தனை மிமீ என்று எழுதிக்கொடுக்கட்டும், கேடில் நானே வட்டமாகப் போட்டுக்கொள்கிறேன்.

டிடபிள்யூஜி ஆட்டோகேடின் சொந்த ஃபைல். கேடிலிருந்து கேடுக்குப் போக இதைவிடச் சிறந்தது இல்லை, பிளாக் (திரும்பத் திரும்ப வரும் உருப்படி), லேயர் (அடுக்கு), டைமென்ஷன் (அளவுக் குறிப்பு) எல்லாம் உயிரோடு போகும். வரைகலைப் பக்கத்திலிருந்து வருவதற்கு எனக்குப் பெரிய லாபம் தெரியவில்லை, கோரலும் இல்லஸ்ட்ரேட்டரும் டிடபிள்யூஜி எழுதும்தான், ஆனால் அவர்களிடம் பிளாக்கும் டைமென்ஷனும் முதலில் இருந்தால்தானே காப்பாற்ற. பதிப்புத் தொல்லையும் உண்டு: 2004, 2007, 2010, 2013, 2018 என்று உள்கட்டமைப்பு மாறிக்கொண்டே வந்திருக்கிறது, எதிரில் இருப்பவரிடம் பழைய பதிப்பு இருந்தால் திறக்காது. அப்படி மாட்டிக்கொண்டால் ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் கன்வர்ட்டரில் பதிப்பையும் மாற்றலாம், டிஎக்ஸ்எஃப்பாகவும் மாற்றலாம்.

பிஎல்டி பற்றி இரண்டு வரி போதும். ப்ளாட்டருக்காக (பேனாவால் படம் வரையும் மெஷின்) ஹெச்பி செய்த மொழி, ஒரு மிமீக்கு 40 படி, அளவு குழம்ப வாய்ப்பே குறைவு, வினைல் கட்டருக்கு இன்றும் நல்லது, ஆனால் எல்லாம் நேர்கோடாகிப் போவதால் திருத்த நினைக்காதீர்கள். கோரலின் சொந்த சிடிஆர் ஃபைலை ஆட்டோகேட் ஆளுக்கு அனுப்புவது பூட்டை அனுப்பிவிட்டுச் சாவியை வீட்டில் வைத்துக்கொள்வது, கோரலிலேயே புதிய பதிப்பு ஃபைல் பழைய பதிப்பில் திறக்காது. இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ ஃபைல் சில லேசர் மென்பொருளில் திறக்கும், அதுவும் பழைய பதிப்பாகச் சேமித்தால்.

தமிழ் எழுத்து இருந்தால் மேலே சொன்ன எந்த ஃபார்மேட்டும் தனியாகக் காப்பாற்றாது. எழுத்தை எழுத்தாக அனுப்பினால் அந்தப் பக்கம் ஃபான்ட் இருக்கவேண்டும். பாமினி மாதிரி பழைய ஃபான்டில் அடித்தது என்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், ஃபான்ட் இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். யூனிகோடு என்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் ஆபத்து. அதனால் கர்வ்ஸாக மாற்றித்தான் அனுப்பவேண்டும், கோரலில் கண்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கிரியேட் அவுட்லைன்ஸ், இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத். மாற்றுவதற்கு முன்னால் எழுத்தாக இருக்கும் ஒரு பிரதியைச் சேமித்து வைத்துவிடுங்கள், "பிரதர்ஸ்" என்பதை "சன்ஸ்" என்று மாற்றச் சொல்லி மறுநாள் போன் வரும்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் அடுத்த வில்லங்கம் காத்திருக்கும். பழைய தமிழ் ஃபான்டுகளில் "மி" என்பது ஒரே எழுத்து இல்லை, ம தனி, மேலே விசிறி (இகரக் குறி) தனி, இரண்டும் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். கறுப்பு நிரப்பி வைத்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது, பேப்பரில் அச்சடித்தாலும் தெரியாது. கேடுக்குப் போய் வெறும் கோடாக நின்றதும்தான் ஒன்றின் மேல் ஒன்று வெட்டிக்கொண்டு நிற்பது தெரியும். லேசருக்கு அழகெல்லாம் தெரியாது, கோடு எங்கே இருக்கிறதோ அங்கே வெட்டும், விசிறி தனியே கழன்று தேன்கூட்டுப் படுக்கைக்குள் விழுந்துவிடும். கர்வ்ஸாக்கிய பின் ஒவ்வொரு எழுத்தையும் வெல்ட் செய்து ஒரே வடிவமாக்குங்கள், அப்புறம் நிரப்பலை எடுத்துவிட்டு அவுட்லைன் மட்டும் வைத்து ஒருமுறை பாருங்கள். ஒரு போர்டுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

அதே பார்வையில் இன்னும் இரண்டு தெரிந்துவிடும். நிரப்பலுக்கு ஒரு வடிவம், ஓரக்கோட்டுக்கு ஒரு வடிவம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இருக்கும், மெஷின் இரண்டு முறை வெட்டும், ஆட்டோகேடில் ஓவர்கில் கட்டளை போட்டால் மேலே கிடப்பது போய்விடும். இன்னொன்று, மூடாத கோடு. திரையில் சேர்ந்த மாதிரி தெரியும், நடுவில் 0.01 மிமீ இடைவெளி இருக்கும், ரவுட்டரில் பாக்கெட் (உள்பக்கம் முழுக்கக் குடைவது) போடச் சொன்னால் மாட்டேன் என்று நிற்கும். ஆட்டோகேடின் பெடிட் கட்டளையில் மல்டிபிள், ஜாயின் கொடுத்து ஃபஸ் தூரம் (எவ்வளவு இடைவெளிவரை சேர்க்கலாம் என்பது) 0.05 போல வைத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

எதிர்த்திசையில், அதாவது கேடிலிருந்து வரைகலைக்கு, எனக்குச் சந்தேகமே இல்லை, பிடிஎஃப்தான். வீட்டு பிளானை பிரவுச்சரில் போடவேண்டும் என்று வருகிறவர்கள் டிடபிள்யூஜி ஃபைலை இல்லஸ்ட்ரேட்டரில் நேராகத் திறக்க முயன்று, ஃபான்ட் மாறி, கோட்டுத் தடிமன் போய், எக்ஸ்ரெஃப் (இணைத்திருந்த வேறு ஃபைல்) காணாமல், ஸ்கேல் கேட்கும் பெட்டியில் என்ன போடுவது என்று தெரியாமல் தவிப்பார்கள். ஆட்டோகேடிலேயே 1:100 அளவில் பிடிஎஃப் ப்ளாட் எடுத்தால் தடிமனும் லேயரும் வரைந்தவர் நினைத்தபடியே வந்துவிடும். 1:1-இல் எடுக்காதீர்கள், பிடிஎஃப் பக்கத்துக்கு வழக்கமான உச்ச அளவு 5 மீட்டர் சொச்சம்தான், வீடு அதற்குள் அடங்காது. ஹேட்ச் (கோடுகளால் நிரப்பிய பகுதி) நிறைய இருந்தால் அந்த லேயரை அணைத்துவிட்டு எடுங்கள், ஒரு செங்கல் சுவருக்குப் பத்தாயிரம் குட்டிக்கோடு வந்து கோரல் மூச்சுத் திணறும், நிறத்தை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். ஆட்டோகேடின் சொந்த எஸ்ஹெச்எக்ஸ் ஃபான்டில் எழுதிய அறைப் பெயர்கள் வெறும் கோடாகத்தான் வரும், அதை அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே வேகம்.

எந்த மென்பொருளும் வாங்கவில்லை, இலவசமாகத்தான் செய்யவேண்டும் என்றால் இங்க்ஸ்கேப்பும் லிப்ரேகேடும் போதும். இங்க்ஸ்கேப்பில் டிஎக்ஸ்எஃப் சேமிக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் அலகு மிமீ என்று மாற்றுங்கள். வளைவை அது ஸ்ப்ளைனாக எழுதும், எதிரில் பழைய மெஷின் என்றால் முன்னாலேயே கோடுகளாக உடைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஆக இப்போது போனில் கேட்பவருக்கு நான் சொல்வது கொஞ்சம் நீளமாகிவிட்டது. லேசரில் அலங்கார வேலை என்றால் மிமீ எழுதிய எஸ்விஜி இல்லை பிடிஎஃப். ஆட்டோகேட் வழியாகப் போகும், ரவுட்டரில் வெட்டும் வேலை என்றால் 2000 பதிப்பு டிஎக்ஸ்எஃப், மெஷின் ரொம்பக் கிழடு என்றால் ஆர்12. எதுவாக இருந்தாலும் ஒரு ஓரத்தில் சரியாக 100 மிமீ சதுரம் ஒன்று போட்டு அனுப்புங்கள், கூடவே பார்ப்பதற்கு ஒரு பிடிஎஃப். ஃபைல் வந்ததும் நான் முதலில் அளப்பது அந்தச் சதுரத்தைத்தான், 75 வந்தால் எந்த மென்பொருளில் செய்தது என்றுகூடக் கேட்காமல் சொல்லிவிடுவேன்.

சில நாள் அவசரத்தில் சதுரத்தை அழிக்க மறந்து அதையும் சேர்த்து வெட்டிவிடுவேன். 3 மிமீ அக்ரிலிக்கில் இதுவரை பதினெட்டு சேர்ந்திருக்கிறது, பட்டறையில் டீ கிளாஸுக்கு அடியில் அதைத்தான் வைக்கிறோம்.